பேராதனைக்கு வந்த அண்ணாவியார்

ஊர்க்கலையும் உயர்கல்வியும் – 9

1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் ‘கர்ணன் போர்’ ஆடினார்கள். புதிதாக எழுதிய நாடகம் அன்று அது. மட்டக்களப்பு ஊர்களில் தலைமுறை தலைமுறையாக விடிய விடிய ஆடிவந்த வடமோடிக் கூத்து. மத்தளம் கட்டி ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். மேடைக்கு ஏற்ப நெறிப்படுத்தியவர் தமிழ்த்துறையில் கற்பித்துக்கொண்டிருந்த சு. வித்தியானந்தன். ஆடியவர்கள், மறுநாள் காலை விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்து சங்க இலக்கியமும் இலக்கணமும் கேட்க வேண்டிய பிள்ளைகள்.

இன்று இதைச் சொன்னால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். கூத்து பாடத்திட்டத்தில் இருக்கிறது, பரீட்சைக்கு வருகிறது, முனைவர் பட்டத்துக்குப் பொருளாகிறது. அன்று நிலைமை வேறு. யாழ்ப்பாணத்தில் ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல். நாவலர் வழிவந்த சைவ ஒழுக்கத்தில் ஊறிய குடும்பங்கள் தம் பிள்ளை களரிப் பக்கம் போவதையே விரும்பியதில்லை. ஆடுபவரின் சாதியைச் சொல்லியே ஆட்டத்தின் தரத்தையும் தீர்மானித்துவிடுவார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்று, ஐவர் ஜெனிங்ஸ் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கனவோடு மகாவலிக் கரையில் எழுப்பிய வளாகத்துக்குள் எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பகுதியின் கதை.

இந்தக் கதையை வழக்கமாக ஒரு மனிதரின் கதையாகவே சொல்வார்கள். வித்தியானந்தன் கூத்தைக் கண்டெடுத்தார், புதுப்பித்தார், மேடையேற்றினார் என்று. அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மனிதர் அதே வேலையை 1950இல் செய்ய முயன்றிருந்தால் ஆடுவதற்கு ஆள் கிடைத்திருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

சென்ற பகுதியை விபுலானந்த அடிகளோடு நிறுத்தியிருந்தோம். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் அவர். காரைதீவில் பிறந்தவர், கிழக்கு மண்ணின் கூத்தும் பாட்டும் காதில் விழ வளர்ந்தவர். ஆனால் அவர் அறிவு தேடிப்போன திசை பழந்தமிழ். நாடகத்தைப் பற்றி ‘மதங்க சூளாமணி’ எழுதினார், இசையைப் பற்றி ‘யாழ் நூல்’ எழுதினார். ஏட்டில் மறைந்துபோன யாழைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்த அந்தப் பெரியவர், தம் ஊரில் ஒலித்துக்கொண்டிருந்த மத்தளத்தைப் பற்றி அப்படியொரு நூல் எழுதவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் தமிழ்ப் பேராசிரியரின் கடமை என்று கருதப்பட்டது அது. பழமை இருந்தால்தான் மதிப்பு. உயிரோடு இருப்பது ஆய்வுப் பொருள் ஆகாது.

1947இல் அவர் மறைந்த பின் அந்த நாற்காலிக்கு வந்தவர் க. கணபதிப்பிள்ளை. புலோலிக்காரர், லண்டனில் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். கல்வெட்டுக்காரர் என்றால் இறுக்கமான ஆள் என்று நினைப்போம். இவரோ யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் பேசும் தமிழை அப்படியே எடுத்து நாடகம் எழுதியவர். ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’ போன்றவை அடங்கிய ‘நானாடகம்’ 1940இலேயே வந்துவிட்டது. பல்கலைக்கழக மேடையில் இந்த நாடகங்களைப் பின்னர் தயாரித்தவர்களுள் ஒருவர் வித்தியானந்தன், நடித்தவர்களுள் ஒருவர் கா. சிவத்தம்பி. பேச்சுத்தமிழ் மேடைக்கு வரலாம் என்ற துணிச்சல் இந்தத் துறைக்குள் கணபதிப்பிள்ளையால் வந்தது. அவருடைய நாடகங்களின் வடிவம் மட்டும் மேற்கத்தையது. திரை, காட்சி, வசனம், திரை.

தெல்லிப்பழையைச் சேர்ந்த வித்தியானந்தன் 1924இல் பிறந்தவர். பத்துப்பாட்டை ஆராய்ந்து லண்டனில் 1950இல் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1954இல் ‘தமிழர் சால்பு’ வந்தது. இதுவரை பார்த்தால் மற்றொரு சங்க இலக்கியப் பேராசிரியர் உருவாகிறார் என்றுதான் தோன்றும். திருப்பம் 1956ஐ ஒட்டி வருகிறது. அந்தத் திருப்பத்துக்குத் தூண்டுதல் தமிழ்த்துறைக்குள்ளிருந்து வரவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதே பேராதனையில் எதிரிவீர சரச்சந்திர இருந்தார். பாளி படித்தவர், சிங்கள நாவலாசிரியர், நாடகக்காரர். சிங்களத்துக்கென்று ஒரு நாடக வடிவம் எங்கே கிடைக்கும் என்று தேடிக் கிராமத்துச் சடங்குகளையும் ஆட்டங்களையும் ஆராய்ந்து 1950-களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். பிறகு ஜப்பானுக்குப் போய் நோ, கபுகி அரங்குகளைப் பார்த்தார். பழைய வடிவம் ஒன்று நவீன மேடையில் கூச்சமில்லாமல் நிற்க முடியும் என்பதை அங்கே கண்ணால் கண்டுவிட்டுத் திரும்பினார். 1956 நவம்பரில் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அவருடைய ‘மனமே’ மேடையேறியது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட வடிவம் ‘நாடகம’. அம்பலாங்கொடையில் அந்தப் பழைய மரபை அறிந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே என்ற ஆசானைத் தேடிப்பிடித்து, மாணவர்களுக்குப் பாட்டும் ஆட்டமும் பழக்கச் செய்தார்.

இந்த நாடகம என்ற சிங்கள வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. கத்தோலிக்கக் கரையோரம் வழியாகத் தமிழ்க் கூத்து சிங்களவரிடம் போய் வேறு உருவம் எடுத்தது. மத்தளம் அங்கும் உண்டு, கதை நடத்தும் குருவும் உண்டு. இதைச் சரச்சந்திர தம் ஆய்விலேயே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். ஆக, தமிழ்க் கூத்தின் பேரப்பிள்ளை சிங்கள நவீன நாடகத்தின் தாயாக உட்கார்ந்திருக்கிறது, அதைக் கொழும்பு கொண்டாடுகிறது. தாய்வீட்டுக் கூத்தோ யாழ்ப்பாணத்தில் வசைச்சொல்லாக இருக்கிறது. பக்கத்துத் துறையில் இருந்தவருக்கு இது உறைக்காமல் போகுமா? தனிச்சிங்களச் சட்டம் வந்த ஆண்டும் அதே 1956தான் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எங்களுக்கென்று என்ன இருக்கிறது என்ற கேள்வி தமிழர்களிடம் அரசியலாக எழுந்த நேரத்தில், கலையாகவும் எழுந்தது.

அதன் பின் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்கு வித்தியானந்தன் தலைவரானார். பேராசிரியர்கள் இத்தகைய பதவிகளை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஆண்டுக்கொரு கூட்டம், ஒரு தேநீர், ஓர் அறிக்கை. இவர் ஊர் ஊராகப் போனார். மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் என்று அண்ணாவிமாரைத் தேடிப்போய்ப் பேசினார். அவர்களைக் கூட்டி மாநாடு நடத்தினார், மேடையில் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார், கூத்துப் போட்டிகள் வைத்தார், பள்ளிக்கூடங்களையும் இழுத்துவிட்டார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துப் பிரதிகளை வாங்கிப் பதிப்பித்தார். ‘அலங்காரரூபன் நாடகம்’, ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’, ‘மூவிராசாக்கள் நாடகம்’, ‘ஞானசவுந்தரி நாடகம்’ எல்லாம் 1960-களில் அச்சேறின. பட்டியலைப் பாருங்கள். பாதிக்கு மேல் மன்னார்க் கத்தோலிக்கர்களின் கூத்து. போர்த்துக்கேயர் விட்டுப்போன எம்பரதோர் என்ற பட்டத்தோடு ஒரு பேரரசன் தமிழ் விருத்தம் பாடிக்கொண்டு வருகிறான். தெல்லிப்பழைச் சைவர் ஒருவர், பத்துப்பாட்டில் பட்டம் வாங்கியவர், இவற்றையும் தமிழ் இலக்கியம் என்று முன்னுரை எழுதிப் பதிப்பித்தது சின்னக் காரியம் அன்று. என்னைக் கேட்டால், மேடையேற்றங்களைவிட நீடித்த பயன் இந்தப் பதிப்புகளுக்குத்தான் உண்டு.

இனி ஆட்டக்காரர்களுக்கு வருவோம்.

1940-கள் வரை இலங்கையில் உயர்கல்வி ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு உரியது. ஆங்கிலம் தெரிய வேண்டுமானால் நகரத்துக் கல்லூரியில் காசு கட்டிப் படிக்க வேண்டும். மட்டக்களப்பின் வயல்கரையில் பிறந்த பிள்ளைக்கு அந்த வாசல் அடைத்தே கிடந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர கல்வி அமைச்சராக இருந்தபோது 1945இல் இலவசக் கல்வி வந்தது. நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் எழுதித் தேறிய பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கலாம். வந்தாறுமூலையில் அப்படியொரு மத்திய பாடசாலை வந்தது. அதன் பின் 1960ஐ ஒட்டிப் பல்கலைக்கழகத்தில் கலைப் பாடங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் படிக்கலாம் என்றானது. இந்த இரண்டும் சேர்ந்ததும் பேராதனை விடுதிகளின் முகமே மாறியது. முதன்முறையாகக் கிராமத்துப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். வடமோடி வரவு ஆட்டத்தைக் களரியோரம் உட்கார்ந்து பார்த்தும், சிலர் சலங்கை கட்டி ஆடியும் வளர்ந்தவர்கள் அவர்கள்.

அந்த வரிசையில் வந்தவர் சி. மௌனகுரு. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1943இல் பிறந்தவர், வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் படித்தவர், 1960-களின் தொடக்கத்தில் பேராதனைக்கு வந்தவர். பேராசிரியருக்குக் கூத்து வேண்டியிருந்தது. மாணவனுக்குக் கூத்துத் தெரிந்திருந்தது. செல்லையா அண்ணாவியார் ஊரிலிருந்து வந்து மத்தளம் கட்டினார். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதற்குப் பின்னால் ஒரு கல்விச் சட்டமும் ஒரு மொழிக் கொள்கையும் இருந்தன. வரலாற்றில் மனிதர்களை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை தெரிவதில்லை.

‘கர்ணன் போர்’ முதலில், அடுத்த ஆண்டு கூத்தின் மற்றொரு வகையான தென்மோடியில் ‘நொண்டி நாடகம்’, பிறகு ‘இராவணேசன்’, பத்தாண்டு முடிவதற்குள் ‘வாலிவதை’. இந்த நான்கில் ‘இராவணேசன்’தான் பெரும் பேச்சானது. முதல் இரண்டும் ஊரிலிருந்த பழைய பிரதிகளைச் சுருக்கியவை. இராவணேசனோ கம்பனின் யுத்தகாண்டத்தை மனத்தில் வைத்து மௌனகுரு புதிதாக எழுதியது. இராவணன் வேடம் கட்டியவரும் அவரே. தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் பணியாத ஒரு மனிதனின் உள்ளப் போராட்டத்தை வடமோடித் தாளத்தில் காட்ட முடியுமா என்ற சோதனை அது. முடியும் என்று கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒப்புக்கொண்டன. வசைபாடிய குடும்பங்கள் நுழைவுச்சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்து பார்த்தன.

பல்கலைக்கழகம் கூத்துக்குள் என்ன மாற்றங்களைச் செய்தது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த சண்டைகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்பின.

மட்டக்களப்பில் கூத்து ஒரே இரவில் நடப்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்து என்று முடிவுசெய்து, அண்ணாவியாரை அழைத்து, யாருக்கு எந்த வேடம் என்று பார்த்து ‘சட்டம் கொடுப்பார்கள்’. சட்டம் என்பது அந்த வேடத்துக்குரிய பாட்டும் வசனமும். அன்றிலிருந்து இரவு இரவாகப் பழக்கம். வயலில் வேலை முடித்து வந்தவன் காலில் தாளம் ஏறும்வரை மிதிப்பான். எட்டு, வீசாணம், குத்துமிதி என்று ஆட்டக் கோலங்களுக்கு ஊரிலேயே பெயர் உண்டு. ஓரளவு தேறியதும் நல்ல நாள் பார்த்துச் சலங்கை கட்டுவார்கள். கிழமைக்கொரு நாள் ஊர் பார்க்க ஆடுவது கிழமைக் கூத்து. முழுக் கூத்தையும் ஒழுங்காக ஓட்டிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். அதற்குப் பிறகே அரங்கேற்றம். அரங்கேறிய பின்னும் முடியாது, வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள், வீட்டுக்காரர் கையில் இருப்பதைக் கொடுப்பார். மாதக்கணக்கில் நீளும் இந்த நடப்பு ஊரையே கட்டிப்போடும். பகை தீர்வதும் புதுப்பகை முளைப்பதும் அதற்குள்ளேதான். எனக்கு ஏன் தருமன் வேடம், அவனுக்கு ஏன் வீமன் வேடம் என்று தொடங்கிய சச்சரவு காணிச் சண்டையில் போய் முடிவதும் உண்டு.

அரங்கும் வேறு மாதிரி. வட்டமான களரி, நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டும், சுற்றி ஆட்டம், அதைச் சுற்றி நாற்புறமும் சனம். ஒவ்வொரு பாத்திரமும் வரும்போது நீண்ட வரவு ஆட்டம் ஆடும். வடமோடி அரசன் கரப்புடுப்பும் முடியும் தாங்கி, அந்தப் பாரத்தோடு சுற்றிச் சுற்றி ஆடுவான். பார்ப்பவர்கள் வெற்றிலை போடுவார்கள், பிள்ளைகளைப் பாயில் கிடத்துவார்கள், நடுவில் தூங்கி எழுவார்கள், தெரிந்தவன் தாளம் பிசகினால் பெயர் சொல்லிக் கேலி செய்வார்கள். கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் அவசரம் யாருக்கும் இல்லை.

பேராதனைக் கூத்தில் இரவு ஒன்றரை மணி நேரமானது. வரவுகள் குறுகின. ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாட்டுகள் வெட்டுப்பட்டன. வட்டக்களரி போய் ஒருபக்கம் திறந்த மேடை வந்தது. நாற்புறமும் பார்த்து ஆடியவன் இனி முன்பக்கம் மட்டும் பார்க்க வேண்டும். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நடுவிலிருந்து மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். பாட்டைச் சொல் புரியும்படி பாட வேண்டும், முகத்தில் பாவம் காட்ட வேண்டும் என்பவை புதிதாக வந்த கட்டளைகள். ஊரில் பெண் வேடத்தையும் ஆணே கட்டுவான். பல்கலைக்கழகத்தில் மாணவிகளும் ஆடவந்தார்கள். இது ஒன்றுக்காகவே அந்த மேடைக்கு நான் பாதிக் குற்றத்தை மன்னித்துவிடுவேன்.

மீதிப் பாதி? இரவைச் சுருக்கியதை நான் பெரிதாக எடுக்கவில்லை. நகரத்துக்குப் போனால் எந்தக் கலையும் நகரத்து மணிக்கூட்டுக்குப் பணிந்தே ஆகும். ஆனால் பல மாத நடப்பில் அரங்கேற்ற இரவை மட்டும் பிய்த்து எடுத்து, இதுதான் கூத்து என்று பெயரிட்டதில் ஒரு பெரிய நழுவல் இருக்கிறது. சட்டம் கொடுத்தலும் வீட்டுக்கு வீடு ஆடுதலும் ‘பின்னணித் தகவல்’ ஆகிவிட்டன. ஆய்வு நூலில் அவற்றுக்கு ஓர் இயல் உண்டு, மேடையில் இடமில்லை. இன்னொன்று, பெயர். ஊரில் ஒரு கூத்தை இன்னார் அண்ணாவியாரின் கூத்து என்பார்கள். நாடக வரலாற்று நூல்களில் ‘கர்ணன் போர்’ வித்தியானந்தனின் கூத்து ஆகிவிட்டது. செல்லையா அண்ணாவியாரின் பெயர் அடுத்த வரிக்குப் போய்விட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. தயாரிப்பாளர் என்று ஒருவரை முன்னால் நிறுத்தாமல் நவீன நாடகத்துக்குக் கணக்கு எழுதத் தெரியாது.

இந்த அலை தமிழ் ஆய்வின் பிற மூலைகளிலும் எப்படி அடித்தது என்பதை இரண்டு பேரை வைத்துச் சொல்லிவிடலாம். இருவரும் பேராதனையில் படித்தவர்கள், இருவரும் பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சன் என்ற மார்க்சியக் கிரேக்கப் பேராசிரியரிடம் போய் ஆய்வு செய்தவர்கள். க. கைலாசபதியின் சங்க இலக்கிய ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்டில் நூலானது. யூகோஸ்லாவியாவில் எழுத்தறியாத பாடகர்களின் வாய்மொழிக் காவியங்களைப் பதிவுசெய்து மில்மன் பரியும் அல்பர்ட் லோர்டும் உருவாக்கிய முறையைப் புறநானூற்றின் மேல் வைத்துப் பார்த்தார் கைலாசபதி. சங்கப் பாட்டு புலவர் ஏட்டில் எழுதியதற்கு முன்பு பாணர் வாயில் பிறந்த மரபு என்றார். புலவர் கூட்டம் கொதித்தது. சிவத்தம்பி பழந்தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்தார், சடங்கிலிருந்து அரங்கு எப்படிப் பிரிந்தது என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கூத்துக் களரி ஒன்று கண்முன் இருந்தது அவருக்கு உதவியது. ஒரு தலைமுறைக்கு முன் பழமையைக் காட்டி உயிருள்ளதை ஒதுக்கினார்கள். இவர்கள் உயிருள்ளதைக் கொண்டு பழமையைப் படித்தார்கள். தொல்காப்பியத்துக்கு உரை எழுதும் முறையில் வளர்ந்த ஒரு துறைக்குள் இது நடந்தது.

பேராதனைக்கு வெளியே கூத்து வேறு வேலைக்கும் இறங்கியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழையும் போராட்டம் நடந்தது. அதைப் பொருளாக்கி என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’யை அம்பலத்தாடிகள் குழு காத்தவராயன் கூத்துப் பாங்கில் ஊர் ஊராக ஆடியது. மௌனகுரு வடமோடியில் ‘சங்காரம்’ எழுதினார், அதில் போர் வர்க்கங்களுக்கு இடையே நடக்கிறது. பேராசிரியர்கள் கூத்துக்கு மரியாதை வாங்கித் தந்தார்கள் என்றால், இவர்கள் அதன் வாய்க்குள் புதிய சொல்லை வைத்தார்கள். ஆனால் மரியாதை முதலில் வந்திராவிட்டால் அந்தச் சொல்லைக் கேட்கப் படித்தவன் வந்திருப்பானா என்பது வேறு கேள்வி.

அடுத்த கட்டம் நிறுவனங்களின் கட்டம், அதை வேகமாகக் கடந்துவிடலாம். 1974இல் யாழ்ப்பாண வளாகம் வந்தது, கைலாசபதி அதன் முதல் தலைவர். பின்னர் அது தனிப் பல்கலைக்கழகமானபோது வித்தியானந்தன் துணைவேந்தரானார், 1980-களின் இறுதிவரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மட்டக்களப்பு நாட்டார் பாடல்களை ஆராய்ந்த இ. பாலசுந்தரத்தின் நூல் 1979இல் வெளிவந்தது. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணத்தில் கலாநிதியானார். நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பாடமானது. அதன் பிறகு வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடுகளை மாணவர்கள் மனப்பாடம் செய்யத் தொடங்கினார்கள். வடமோடியில் போர், தென்மோடியில் காதல், அதில் பாரமான உடுப்பு, இதில் இலேசான உடுப்பு, அதில் ஆட்டம் முந்தும், இதில் இசை இழையும் என்று புள்ளி வாங்கலாம். இரண்டையும் ஒருமுறைகூடப் பார்க்காமலும் வாங்கலாம்.

1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அதற்குக் கிடைத்த இடம் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்கள். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. மாணவனாக அங்கே படித்த மௌனகுரு பின்னர் அங்கேயே பேராசிரியராக வந்து நுண்கலைத்துறையை வளர்த்தார், இராவணேசனைப் புதிய மாணவர்களோடு மீண்டும் மேடையேற்றினார். செல்லையா அண்ணாவியாரின் ஊரில் இப்போது கூத்து பட்டப்படிப்பு.

அதே பல்கலைக்கழகத்துக்குள்ளிருந்துதான் எதிர்க்குரலும் எழுந்தது. சி. ஜெயசங்கரும் அவர் சார்ந்த ‘மூன்றாவது கண்’ குழுவும் 2000-களின் தொடக்கத்தில் சீலாமுனை என்ற ஊரில் வேறொரு முறையில் வேலை செய்தார்கள். கூத்தை ஊரிலிருந்து எடுத்து மேடையில் வைப்பதற்குப் பதிலாக, ஊர்க் களரியிலேயே, ஊராரோடும் அண்ணாவிமாரோடும் உட்கார்ந்து பேசி, பிரதியில் உள்ள சாதி இழிவையும் பெண் இழிவையும் அவர்கள் ஒப்புதலோடு மாற்றி ஆடச் செய்தார்கள். இதற்குக் கூத்து மீளுருவாக்கம் என்று பெயர் சொன்னார்கள். கலை அறிவு பல்கலைக்கழகத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது, பல்கலைக்கழகம் அங்கே போய்க் கற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். மௌனகுருவின் தரப்பு வேறு. மரபை அறிந்த கலைஞன் அதிலிருந்து புதிய நாடகம் செய்ய உரிமையுள்ளவன், ஊர்க்கூத்து ஊரில் அதன் போக்கில் நடக்கட்டும் என்பது அது. இந்த விவாதம் பத்திரிகைகளிலும் கருத்தரங்குகளிலும் ஆண்டுக்கணக்கில் சூடாகவே நடந்தது. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் இராவணேசனைப் பார்த்த யாழ்ப்பாணத்தான் கூத்துக்காரனை மரியாதையாகப் பார்க்கத் தொடங்கியது நடந்த உண்மை. அந்தக் கூத்துக்காரனுக்கு அதனால் பல்கலைக்கழகத்தில் ஒரு கதிரை கிடைக்கவில்லை என்பதும் நடந்த உண்மை.

இரண்டு தரப்பும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. பேராதனை வளாகம் இருப்பது மலைநாட்டின் வாசலில். கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். கம்பம் நட்டு, ரதியும் மதனும் வேடம் கட்டி, தப்பு முழங்க, தோட்டம் முழுவதும் கூடி ஆடும் கூத்து. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அங்கே உண்டு. மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியார் மலையேறி வந்து ஆட்டம் பழக்கிய காலத்தில் இவை பேருந்துத் தூரத்தில் ஆடப்பட்டுக்கொண்டிருந்தன. வித்தியானந்தன் நெறிப்படுத்திய அந்த நான்கு கூத்துகளில் ஒன்றுகூட மலையகத்துடையது அன்று.

அலட்சியம் என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். ஆனால் முன்பு சொன்ன கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. இலவசக் கல்வியின் முழுப் பயன் தோட்டப் பள்ளிகளை எட்டவில்லை. அவற்றை அரசு முறையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970-களின் பிற்பாதியில். லயத்திலிருந்து ஒரு பிள்ளை புலமைப்பரிசில் எழுதி, விடுதியில் தங்கி, பேராதனை வரை ஏறிவர வந்தாறுமூலையில் இருந்தது போன்ற ஏணி அங்கே இல்லை. பேராசிரியரிடம் போய், ஐயா எங்கள் தோட்டத்திலும் ஒரு கூத்து இருக்கிறது என்று சொல்ல அந்த வகுப்பில் பிள்ளை இல்லை.

அந்தப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களுக்கு வரத் தொடங்கிய பின்னரே காமன் கூத்து ஆய்வேடுகளில் ஏறியது. அது எப்படி ஏறியது, ஏறும்போது தப்பு என்ன ஆனது என்பதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.